அது யூசுபின் கை இல்லை

மகன் பாசமாக நலம் விசாரித்தான் என்பதற்காகப் போலீசை வரவழைத்த தகப்பன் காரைக்கால் முழுவதிலும் நான் ஒருவன்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் செய்த தப்பை ஒப்புக்கொள்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். குட்டை ஒலியும் நெட்டை ஒலியுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ்தான் எனக்குச் சோறு போட்டது. அந்தத் தொழிலில் ஒவ்வொருவனுக்கும் ஒரு ‘கை’ உண்டு என்பார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் யார் தட்டினாலும், பத்து எழுத்துக்குள் இன்னார் என்று சொல்லிவிடுவோம். பிறகு சாட்டிலைட் வந்தது. கடைசியாக நான் வேலை பார்த்த கப்பலில் என் மேஜையைப் பெயர்த்துவிட்டு அங்கே ஒரு ஃப்ரிட்ஜை வைத்தார்கள். தொழில் போய்விட்டது. ஆளைக் கண்டுபிடிக்கிற புத்தி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மகன் யூசுப் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். வாட்ஸப்பில் நான் எது அனுப்பினாலும் ‘கே’ என்று ஒற்றை ஆங்கில எழுத்துதான் பதில் வரும். (எங்கள் தொழிலில் அந்த எழுத்துக்கு ‘மேலே அனுப்பு’ என்று பொருள். நானும் மேலே மேலே அனுப்பினேன்.) பதில் வராவிட்டால் வரும்வரை அதையே திரும்ப அனுப்புவது கப்பல் வழக்கம். அதையும் விடவில்லை.

போன வருஷம் ஒருநாள் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “மாத்திரை போட்டீங்களா வாப்பா? வெயில்ல அலையாதீங்க.”

இது யூசுபின் கை இல்லை.

மனைவி ஜைனபிடம் காட்டினேன்.

“புள்ள பாசமாக் கேட்டா அதுல என்னங்க சந்தேகம்?”

“அவன் என்னைக்குப் பாசமாக் கேட்டிருக்கான்?”

“அவன் நல்லாத்தான் இருக்கான்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். போன வேகம் சரியில்லை. அவளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

போன் போட்டால் எடுக்கவில்லை. ‘மீட்டிங்ல இருக்கேன் வாப்பா’ என்று எழுத்தில் பதில் வந்தது. ஒன்பது நாள் ஓயாத மீட்டிங். (ஐ.நா. சபைகூட அவ்வளவு நாள் பேசாது.) சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ‘உம்மா வைக்கிற மீன் குழம்பில் உனக்குப் பிடித்தது எது?’ என்று கேட்டேன். ‘எல்லாமே பிடிக்கும் வாப்பா’ என்றது பதில். கடலோரத்தில் பிறந்தும் மீன் வாசனைக்கே எழுந்து ஓடுகிறவன் என் மகன்.

அவனை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வெளிப்படையாகக் கேட்டால் அவன் உயிருக்கு ஆபத்து. சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்த மோர்ஸ், எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பாஷை, இருந்ததே! கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகளின் இரைச்சல் விழாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். ‘பத்திரமாக இருக்கிறாயா?’ அதைப் பதிவு செய்து அனுப்பினேன்.

பதில் வந்தது. “சூப்பர் மியூசிக் வாப்பா.” கூடவே கைதட்டும் பொம்மை மூன்று.

ஜைனபு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வேலைக் கடிதத்தில் இருந்த நம்பரைத் தேடி அவன் கம்பெனிக்கே போன் செய்தேன். கப்பல் இங்கிலீஷில், மூழ்குகிற கப்பலுக்கு உரிய அவசரத்தோடு, “என் மகன் பெயரில் வேறொருவன் பேசுகிறான்” என்றேன். யூசுப் அன்று வெளிவேலைக்குப் போயிருந்ததால், மேனேஜர் போலீசை அழைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனார். அங்கே கைலி கட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒரு பையனிடம் யூசுபின் போன் இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒன்பது நாளுக்குப் பிறகு என் மகனின் குரலைக் கேட்டேன். புது நம்பரிலிருந்து பேசினான்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க வாப்பா? செந்தில ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க!”

“யாரு செந்தில்?”

“இத்தன நாளா ஒங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தவன். என் ரூம்ல இருக்கான், நம்ம ஊருப் பக்கம், விழிதியூர்க்காரன். ஒரு நாளைக்கி நாப்பது மெசேஜ் அனுப்புறீங்க, வேலைய பாக்க முடியலன்னு பழைய போனை அவன்கிட்டக் குடுத்தேன். அவனுக்கு நைட் ஷிப்ட்டு, பகல்ல சும்மா இருப்பான். வந்து மூணு மாசந்தான் ஆவுது. கேசு ஆச்சுன்னா விசா போயிடும். வயலை அடமானம் வச்சு அனுப்பியிருக்காரு அவங்கப்பா. அவருக்கு யாரு பதில் சொல்றது?”

அப்போதும் என் புத்தி போகவில்லை. “அந்த டம்ளர் சத்தம்… நீ கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும்ல?”

“கேட்டேன். அவன் போட்டுக் காட்டினான். நீங்க ரசம் தாளிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

அவன் எட்டு வயதில் மோர்ஸ் முழுவதையும் ஒப்பித்தவன். தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது இவனை உட்காரவைத்து, ஓர் எழுத்து தப்பினால் ஸ்கேலால் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துகளை மறந்துவிட்டான். அடியை மறந்ததாகத் தெரியவில்லை. அவனுடைய ஒற்றை எழுத்துப் பதில்களுக்குக் காரணம் தேடி நான் ஷார்ஜாவரை போயிருக்க வேண்டியதில்லை.

யூசுப் வைத்ததும் மேனேஜர் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, போனை அங்கிருந்த அதிகாரியிடம் கொடுத்தார். இந்தப் பையன் உங்களை என்ன செய்தான் என்று கேட்டார் அவர். பொய் சொல்ல மனம் வரவில்லை. செய்திகளை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் பெயர்த்துப் படித்தேன். மாத்திரை போட்டீர்களா. வெயிலில் அலையாதீர்கள். உம்மாவோடு சண்டை போடாதீர்கள். உங்கள் கப்பல் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள். நாலாவதை இரண்டு தடவை படித்தேன்.

“இதில் குற்றம் எது சார்?” என்றார் அதிகாரி.

“என்னுடையதுதான்” என்றேன்.

சாயங்காலம் செந்திலை விட்டுவிட்டார்கள். ஜைனபு வந்ததும், “அவன் புது நம்பர் ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும்” என்றாள். “ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது.”

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் யூசுபே வீடியோ காலில் வருகிறான். சலாம் சொன்ன கையோடு கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டுகிறான். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். “பாத்துக்குங்க வாப்பா, யாரும் கத்திய வச்சுக்கிட்டு நிக்கல.” இது சொந்தக்காரர்களுக்கெல்லாம் பரவி, சென்னையிலிருந்து பேசுகிற என் மகளும், சிங்கப்பூரிலிருக்கிற தங்கை மகனும் முதலில் அறையைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அலமாரிக்குள் மட்டும் யூசுப் இதுவரை காட்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்க வாய் வருகிறது. கேட்பதில்லை. “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்கிறேன்.