நீர்க்காகத்துக்குக் கிடைத்த மூன்றாவது ஓட்டு

மனிதர்களில் ஒரு வகை உண்டு. தம்மோடு ஒத்துப்போகிறவர்களைத்தான் அவர்களுக்கு அறவே பிடிக்காது. எதிரியைப் பொறுத்துக்கொள்வார்கள், முறைத்துக்கொண்டு நிற்பது அவன் வேலை, நிற்கட்டும். ஆனால் நீங்கள் போய், "நானும் உங்க பக்கம்தாங்க" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எந்தக் காரணத்துக்காக?" என்று கேட்பார்கள். காரணம் பிசகியதோ, தொலைந்தீர்கள்.

ஹ்யூரான் ஏரிக்கரையில், ஹாக்லி பே என்ற எங்கள் ஊரில், அந்த வகையின் அசல் மாதிரி மாவிஸ் டிரம்மண்ட் அம்மையார். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவர் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் பேச வழியில்லாமல் கேட்டிருக்கிறது. அந்தப் பழக்கம் யாரை விட்டது?

நீர்க்காகங்களைச் சுட மாகாண அரசு ஒரு வேட்டைப் பருவத்தை அறிவிக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் முதலில் கொதித்தவர் அவர்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது பறவை சுடலாமாம். சுட்டதைத் தின்னக்கூட வேண்டாமாம். மீனையெல்லாம் அவை விழுங்குகின்றன, எச்சத்தால் தீவு மரங்கள் பட்டுப்போகின்றன என்று தூண்டில்காரர்களின் புகார். மாவிஸுக்கோ காலையில் எழுந்ததும் எதிர்த் தீவில் அந்தக் கறுப்புப் பறவைகள் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்த்தால்தான் காப்பி இறங்கும். அந்தப் பிரியம் சத்தியமானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டு முற்றத்தில் நட்டுவைக்க, "சுடாதே" என்று தம் கையாலேயே பலகைகள் எழுதினார். பலகை கேட்டு வந்தவர்களும் உண்டு. கடவுளின் படைப்பாயிற்றே என்ற பாதிரியாரிடம், "சூழலியல் பேசுங்க, பிரசங்கம் வேண்டாம்" என்றார். வெடிச் சத்தத்தில் மதியத் தூக்கம் கெடும் என்ற கோடைவீட்டுக்காரரிடம் சுயநலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பார்க்கப் பாவமாயிருக்கு என்ற தபால்காரப் பெண்ணிடம், பாவம் பார்ப்பது ஒரு கொள்கையா என்று கேட்டார். பலகைகள் பெரும்பாலும் அவர் கார் கொட்டகையிலேயே இருந்தன.

அப்படியே ஊராட்சிக் கூட்டம் வந்தது. இந்தப் பருவத்தை எதிர்த்து அரசுக்குத் தீர்மானம் அனுப்புவதா, வேண்டாமா? உறுப்பினர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் அனுப்பலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் ஆர்லோ ஹிக்ஸ். வருடா வருடம் இலையுதிர்காலத்தில் சமூகக் கூடத்தில் நடக்கும் வேட்டைக்கறி விருந்துக்கு வாத்து சுட்டுக் கொண்டுவருகிறவர். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆர்லோ தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார். "எங்கப்பா கத்துக்குடுத்தது ஒண்ணுதான். சுட்டா திங்கணும், திங்கமாட்டேன்னா சுடாத. நீர்க்காகத்த வேகவெச்சா கறியோட சட்டியவும் சேத்துத்தான் வீசணும். ஐம்பதைச் சுட்டு அழுகப் போடறது வேட்டையா? நான் தீர்மானத்துக்கு ஆதரவு."

கூடம் கைதட்டியது. மாவிஸ் கைதட்டவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்லோ, ஒரு நிமிஷம். கறி ருசியா இருந்தா சுடுவீங்களா?"

"ருசியா இருந்தா ஏன் விடறேன்?"

"அப்போ இது எதிர்ப்பே இல்ல. நாக்கு சமாச்சாரம். இப்பிடி ஒரு ஓட்டு எங்களுக்கு வேண்டாம்."

"வேண்டாமா?" ஆர்லோ சுற்றிலும் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?"

"மனசு மாறினப்புறம் போடுங்க."

"அட, ஆதரிச்சாலும் ஏச்சா? ஆள விடும்மா தாயே!" என்று ஓட்டுப் போடாமலே தொப்பியை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

இரண்டுக்கு இரண்டு. சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. அரசுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு வரிகூடப் போகவில்லை.

வாசலில் மாவிஸின் முகம் மலர்ந்திருந்தது. "தோத்தாலும் சுத்தமா தோத்தோம்" என்றார். சுத்தமாகத்தான். தீவில் கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்கு இந்தச் சுத்தத்தால் என்ன லாபம்?

மாவிஸ் செய்தது தப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆர்லோவும் அதையேதான் நினைக்கிறார். ஆக, நீங்களும் அந்த வாத்து சுடுகிற மனிதரும் இப்போது ஒரே கட்சி. பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், சட்டையில் இறகு ஒட்டியிருக்கிறது, கை நீட்டுகிறார்.

ஏன் நகர்ந்து உட்காருகிறீர்கள்?