பீஸ் சரியில்லை என்று நான் எழுதியது உங்கள் மகனைப் பற்றி அல்ல

செராமிக் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்.
புதன்கிழமை மாலை

நல்லூர் விதைக்கடை உரிமையாளர், மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய ஐயா மாணிக்கவேல் அவர்களுக்கு, பொம்மைக் கம்பெனி கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மனைவி கனகா, மகள் தென்றல் மூவரும் நலம். சூளையும் நலம். அங்கே நீங்கள், உங்கள் வீட்டம்மா, திலீபன் தம்பி, இளையவர் எல்லாரும் நலமாகவும் என்மேல் கோபம் இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன். சம்பந்தி என்று தொடங்கத்தான் விரல் போனது. பெண் பார்த்துவிட்டுப் போன நீங்கள் வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருப்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஐயா, இன்று காலை என் பெயரில் உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கும். இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்க வேண்டாம். திறந்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து உட்கார்ந்து இதைக் கடைசிவரை படியுங்கள்.

தென்றல் திங்கட்கிழமை எங்கள் கம்பெனி மெயிலில் புதுப் பதிப்பு ஒன்றை ஏற்றினாள். இந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்குவது அல்ல. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, உள்ளே இருக்கும் வேலைப்பாட்டையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைத்திருக்கிறார்களாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். "எந்த ஊர்லம்மா மண்ணு கலவைய வெளிய சொல்லிட்டுத் தொழில் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "இந்த ஊர்லயும் பண்றாங்கப்பா. இதுல வர்ற தமிழு பாதி நான் எழுதிக் குடுத்தது" என்றாள். எனக்குப் பெருமைதான். ஆனால் முதல் நாளே எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. பொத்தானில் எல்லாம் 'அனுப்பு', 'அழி', 'தேடு' என்று மரியாதை இல்லாமல் போட்டிருந்தது. "இத்தினி வருசமா கம்பெனி நடத்துறேன், என்னப் பாத்து 'அழி'ங்குது" என்றேன். "அது உங்களுக்குச் சொல்லலப்பா, நீங்க அதுக்குச் சொல்றீங்க" என்றாள். அப்புறம்தான் எங்களுக்குள் சமாதானம் ஆயிற்று.

பொய் சொல்லக் கூடாது, ஒரு நாள் பழகியதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே ஆளோடு பேசிய பேச்செல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நிற்கிறது, புதுச்சேரி வியாபாரி போன தீபாவளிக்குச் சரி என்றதை இந்தத் தீபாவளிக்கு இல்லை என்றால் அவர் எழுத்தையே எடுத்துக் காட்டலாம். 'விலைப்பட்டியல் இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு வெறுங்கையாக அனுப்பப் போனால், 'இணைப்பு எதையும் காணோமே?' என்று கேட்கிறது. நான் மறந்ததைச் சண்டை போடாமல் ஞாபகப்படுத்த இந்த வீட்டில் இதுவரை யாரும் இருந்ததில்லை. கண் கூசுது என்றால் திரை கறுப்பாக மாறிக்கொள்கிறது. பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், முழு முகவரியையும் அதுவே போட்டுவிடுகிறது. அந்தக் கடைசி வசதியில்தான் ஐயா நான் விழுந்தேன்.

எங்களுக்குப் பொம்மை உருப்பிடித்துக் கொடுக்கும் மாணிக்கம் என்று ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விடைபெற்றுப் போன கையோடு அவர் ஒரு மாதிரி பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து இன்று காலை அவருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். 'மாணி' என்று அடித்தேன். ஜாதகம் அனுப்பிய உங்கள் முகவரி பட்டியலில் முதலில் நின்றிருக்கிறது, அது பாட்டுக்குப் போட்டுவிட்டது, நானும் கவனிக்காமல் இப்படி எழுதினேன்:

'ஞாயிறு அன்று நீங்கள் நேரில் கொண்டுவந்து காட்டிய பீஸைப் பார்த்தோம். நிறம் பரவாயில்லை. உயரம் நீங்கள் சொன்னதைவிடக் குறைவு. தலை கனம், அடி ஆட்டம். தட்டிப் பார்த்ததில் சத்தம் சரியில்லை, உள்ளே வெறும் காற்று. சூடு தாங்காது, வெடித்துவிடும். வீட்டிலும் யாருக்கும் திருப்தி இல்லை. இதே ரகத்தில் சின்ன சைஸ் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொண்டுவந்து காட்டவும்.'

அனுப்பு என்று அமுக்கிய பிறகுதான் மேலே உங்கள் பெயரைப் பார்த்தேன். உங்களுக்கு இளைய மகன் இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. கீழே ஒரு பட்டை வந்து என்னமோ சொன்னது, 'திரும்பப் பெறு' என்று ஒரு பொத்தானும் இருந்தது. எதைத் திரும்பப் பெறச் சொல்கிறது, உங்களுக்கு அனுப்பிய ஜாதகத்தையா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பட்டை மறைந்துவிட்டது.

கனகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு, "சம்பந்தம் பேசுற வூட்டுக்கு இப்படியா எழுதுவாங்க? அந்தப் புள்ள என்னா கொறச்சலு?" என்று என்மேல் பாய்ந்தாள். பொம்மைக்கு எழுதியது என்று புரியவைப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. உங்கள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. கோபத்தில்தான் அணைத்துவிட்டீர்கள் என்று முடிவு செய்து, போட்ட சட்டையோடு நல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடை பாஞ்சாலையம்மாதான் இருந்தார்கள். "இங்க பக்கத்து மங்களூருல சொந்தக்காரங்க வூட்டு வளைகாப்புன்னு எல்லாரும் விடியக்காலமே போயிட்டாங்க. எதனா சொல்லணுங்களா?" என்றார்கள்.

"பீஸுன்னு எழுதுனது அவரு பையன இல்லன்னு சொல்லுங்கம்மா."

"என்னா பீஸு?"

"பொம்மைங்க."

"அந்தப் புள்ளையவா பொம்மைன்னீங்க?"

"இல்லம்மா, பொம்மையத்தான் பொம்மைன்னேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் ஏறும்போதே அந்தம்மா டீ குடிக்க வந்தவரிடம், "மாப்பிள்ளைய பொம்மைன்னுட்டாராம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இது உங்கள் காதுக்கு இரண்டு வழியாக வரும், இரண்டும் தப்பு.

உண்மையில் நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் கனகா, விளிம்பு உடைந்த கோப்பையில் திலீபன் தம்பிக்குக் காப்பி கொடுத்துவிட்டாள். பீங்கான் செய்கிற வீட்டில் உடைந்த கோப்பை! எனக்கு உயிர் போயிற்று. தம்பி பார்த்தார். யாருக்கும் தெரியாமல் கோப்பையைத் திருப்பி, நல்ல பக்கமாகக் குடித்துவிட்டு, "காப்பி நல்லா இருக்குதுங்க அத்தை" என்றார். அப்புறம் தென்றலிடம் வேலையைப் பற்றிக் கேட்டு, இந்த மெயிலில் ஏதோ ஒரு சொல்லுக்குத் தமிழ் என்ன வைப்பது என்று இரண்டு பேரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று. இதுவரை வந்தவர்கள் எல்லாம் சம்பளத்தைக் கேட்டார்கள், வேலையைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். என் புத்தியில்லாத விரலால் இது கெட்டுப்போகக் கூடாது ஐயா. கடலூருக்கு வேலையாகப் போன தென்றலுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் நல்லது நடக்கும் என்றுதான் மனசு சொல்கிறது.

உங்கள் வயலும் கடையும் செழிக்கட்டும். வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். திலீபன் தம்பிக்கு நூறு வயசுக்கும் என் ஆசிகள். இளையவருக்குப் படிப்பு நன்றாக வரட்டும், அவரை நாங்கள் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்
கோவிந்தராசு

பின்குறிப்பு: தென்றல் இப்போதுதான் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். காலை மெயில் உங்களுக்கு வரவே இல்லையாம். "கோவத்துல அடிச்சுட்டு சாயந்தரம் வருத்தப்படுறீங்க, அதான் நீங்க எழுதுறது எல்லாம் மறுநாள் காலையில போறாப்புல வச்சிருக்கேன்" என்கிறாள். இதுவும் புதுப் பதிப்பில் வந்த வசதியாம். அந்த மெயிலை அழித்தாயிற்று. ஆகையால் மேலே உள்ள எதுவும் நடக்கவில்லை. இந்தக் கடிதமும் உங்களுக்கு வராது. அழிக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: வணக்கம் மாமா, நான் தென்றல். அப்பா சாப்பிடுகிறார். அழிக்கத்தான் உட்கார்ந்தேன், படித்துவிட்டு மனசு வரவில்லை. எங்கள் வீடு இப்படித்தான். தெரிந்தே முடிவு சொல்லுங்கள். உங்கள் முடிவை எல்லாரும் கேட்டார்கள், என் முடிவை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சம்மதம். திலீபனிடமும் சொல்லிவிடுங்கள். நாளைக் காலை வரை வைக்காமல் இப்போதே அனுப்புகிறேன்.