பத்து வரியும் மாமாவின் நோன்பும்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு காலத்தில் நான் பத்து வரி வெறியன். கணினிக்குக் கோட் எழுதும்போது ஒரு மெதட், அதாவது ஒரு வேலையைச் செய்யும் துண்டு, பத்து வரியைத் தாண்டினால் எனக்குச் சோறு இறங்காது. (எங்கோ படித்தது. அதையும் முழுதாகப் படிக்கவில்லை.)

கலியாணம் முடித்துக் கல்முனையில் மனைவி வீட்டுக்குக் குடிவந்தபோது, அங்கே எனக்கு முன்பே ஒரு மெதட் குடியிருந்தது. மனைவியின் அண்ணன் நிஸ்தார் மச்சான் எழுதியது. கொழும்பில் சூரியன் மறையும் நேரத்தை எடுத்து, எங்கள் கிழக்குக் கரையில் அது முந்தி மறைவதால் எட்டு நிமிடம் குறைத்து, நோன்பு திறக்க போனில் மணி அடிக்கும். எல்லாம் ஒரே மெதட். நூற்று நாற்பது வரி.

"இதப் பிரிக்கணும் மச்சான். மனிசன் வாசிக்க ஏலாது."

"ஏலாட்டி வாசிக்காதீங்க. ஓடுதுதானே?"

"ஓடினாப் போதுமா?"

"நோன்பு திறக்க அது போதும்."

மூன்று வாரம் இப்படியே கதைத்தோம். கடைசியில் ஒருநாள், விடியுமுன் ஸஹர் சாப்பாடு முடிந்து மச்சான் தூங்கிய நேரம் பார்த்து, அதைப் பத்தொன்பது துண்டாக்கினேன். ஒவ்வொன்றும் பத்து வரிக்குள். என் கைவேலையின் அழகை நானே ரசித்தேன். அவற்றில் இரண்டு துண்டுகள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஆளுக்கு எட்டு நிமிடம் குறைத்ததை மட்டும் நான் பார்க்கவில்லை.

அன்று சவளக்கடை வயலில் அறுவடை. மாமா (மனைவியின் வாப்பா), மச்சான், நான் மூவரும் வயலில் உள்ள வாடிக் குடிசையிலேயே நோன்பு திறப்பதாக ஏற்பாடு. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு அங்கே கேட்காது. வானமோ மழை மூட்டம். மாமா பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு ரமழான் நோன்பையும் விட்டவரில்லை, காய்ச்சலிலும், அறுவடையிலும்.

என் போன் அடித்தது. மாமா பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். கஞ்சி குடித்தோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா மச்சான், பிரிச்சும் அடிச்சிட்டு!"

"எதப் பிரிச்சீங்க?" மச்சானின் கோப்பை பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் விலகியது.

"மருமகன், அந்தா நிக்கிறது என்ன?"

"சூரியன், மாமா."

மாமா வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "அம்பத்தொரு வருசம்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சூரியன் மறையும்வரை மூவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது.

பெருநாளுக்குப் பிறகு அந்த ஒரு நோன்பை மூவரும் திரும்பப் பிடித்தோம். அன்று மாமா என் போனை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார். மச்சான் பழைய மெதட்டையே திரும்பப் போட்டு, அதன் தலையில் ஒரு வரி சேர்த்தார்: "பிரிக்காதீங்க மச்சான், வாப்பா நோன்பு." (இப்போது நூற்று நாற்பத்தொரு வரி.)

இன்றும் ரமழானில் பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் எல்லாக் கையும் பழத்துக்குப் போகும். மாமாவின் கை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் நிற்கும்.

"மருமகன், ரெண்டு தரம் குறைக்கல்லயே?"

வீடே சிரிக்கும். நான் எழுந்து வாசலுக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்து, "இல்ல மாமா" என்பேன். அதன் பிறகுதான் அவர் பழத்தை வாயில் வைப்பார்.