தவழும் குழந்தைக்கு மட்டும்

எங்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்குத் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் காலாகாலத்தில் வந்து சேர்ந்துவிடும். ஒரு வருடம் பூந்தொட்டிகள் வந்தன. மேசையில் தொட்டி இல்லாதவன் இயற்கையின் எதிரி என்று கருதப்பட்டான். அடுத்த வருடம் சிரிப்புப் பயிற்சி. காலையில் எல்லோரும் வட்டமாக நின்று வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். புகார் கொடுக்க வந்தவர்கள், தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று சண்டைக்கு வந்ததால் அது கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது குழந்தை.

எங்கள் இயக்குநர் வெளிநாடு போயிருந்தபோது, ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி தன் குழந்தையைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தாராம். திரும்பி வந்த கையோடு, எல்லாக் கிளைகளும் உடனடியாகக் 'குழந்தை நேய அலுவலகம்' ஆகிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

உத்தரவு என்றால் எங்கள் மேலாளருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய கோப்புகள் தூங்கிக்கொண்டிருந்த அறையைக் காலி செய்தார். சுவருக்கு இளமஞ்சள் அடித்து, தரைவிரிப்பு போட்டு, ஒரு ரப்பர் வாத்தை நடுவில் உட்காரவைத்து, 'தவழும் மழலையர் நல்வாழ்வு அறை' என்று பலகையும் மாட்டினார். 'மேற்படி அறையில் தவழும் குழந்தை ஒன்று சீரும் சிறப்புமாகப் பயனடைந்து வருகிறது' என்று மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் குழந்தைக்கு எங்கே போவது என்று யோசித்தார்.

எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்து மேசைக்காரர் சமீபத்தில்தான் அப்பாவானவர். புகார்ப் பிரிவுச் சன்னலில் உட்காரும் எழுத்தர். தங்கமான மனிதர். எப்பேர்ப்பட்ட புகார் வந்தாலும் தலையை நிமிர்த்தாமல், ஈ ஓட்டுவது போல் கையை அசைத்து, "நாளைக்கு வாங்க" என்று இரண்டே வார்த்தையில் தீர்த்துவைப்பார். அவர் மனைவிக்கு மாடியில் குழாய் வரைபடப் பிரிவில் வேலை. அவர்கள் பெண்ணுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. ஆனால் குப்புறக் கவிழப் பழகியதும் வீடு முழுக்க உருண்டே சுற்றியதால் உருண்டை என்ற பெயர்தான் நிலைத்தது.

உருண்டை பிறந்ததிலிருந்து இருவரும் அரைத் தூக்கத்தில்தான் அலுவலகம் வந்தார்கள். எழுத்தர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகக் கிலுகிலுப்பை இருக்கும். ஒருநாள் மேலாளர் தண்ணீர் குடித்து முடித்ததும், பழக்கதோஷத்தில் எழுத்தர் அவர் முதுகைத் தட்டப் போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

குழந்தையின் அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை மனதை அரித்துக்கொண்டிருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். குழந்தை முதன்முதலில் கவிழ்ந்ததை அந்த அக்காதான் பார்த்தாள். முதல் பல்லைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"பெத்தவ நான்," என்று ஒருநாள் என்னிடமே சொன்னாள். "ஆனா எனக்குச் செய்தி மட்டும்தான் வருது அண்ணே. அவ முதல் அடி வைக்கிறதையாவது என் கண்ணால பாத்துடணும்."

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா வேறு ஊருக்குக் குடிபோனாள். ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை குழந்தையைக் கூடவே கொண்டுவர வேண்டும். ஆகவே மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

"குழந்தை தவழுதா?" என்று கேட்டார் மேலாளர்.

"இன்னும் இல்ல சார். உருளுது."

"உருள்றதுக்கு நம்மகிட்ட அனுமதி இல்லையே. தவழ்றதாத்தானே எழுதியிருக்கேன்?"

"இன்னும் கொஞ்ச நாள்ல தவழ்ந்துடும் சார்."

"அதுக்கு ஆவன செய்யுங்க. இயக்குநர் எப்ப வேணா வருவார்."

உருண்டை அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்ட குழந்தை. சீக்கிரமே தவழ ஆரம்பித்தாள். ரப்பர் வாத்தைக் கடித்துக்கொண்டு அறையை வளைய வளைய வந்தாள். அம்மா வேலைக்கு நடுவே மாடியிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடுவாள். குழாய் வரைபடங்களில் சில குழாய்கள் பாதியில் நின்றுபோனது அப்போதுதான்.

இயக்குநர் வரவில்லை. வருகை தள்ளிவைக்கப்பட்டது. மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. இயக்குநரின் வருகையைத் தள்ளிவைக்கலாம், குழந்தையைத் தள்ளிவைக்க முடியாதே. ஒருநாள் உருண்டை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மேலாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, நிக்குது?"

"வளருது சார்," என்றார் எழுத்தர்.

"யாரைக் கேட்டு?"

எழுத்தர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நிக்கிறவ நாளைக்கு நடப்பா. நடந்துட்டா தவழும் குழந்தை இல்ல. தவழும் குழந்தை இல்லன்னா இந்த அறை எதுக்குன்னு கேப்பாங்க. பூட்டிடுவாங்க. அப்புறம் உங்க சம்சாரம் வேலைக்கு வர்றது எப்படி? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இயக்குநர் வந்துட்டுப் போற வரைக்கும் நடக்க வேண்டாம்னு சொல்லி வையுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அலுவலகத்தில் எதிலும் நியாயம் இருக்கும், அதுதான் பெரிய தொந்தரவு. அன்றிலிருந்து உருண்டை எழுந்து நிற்கும்போதெல்லாம் நாங்கள் மாறி மாறி இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தோம். அவள் அம்மாவும் உட்காரவைத்தாள். எந்த முதல் அடிக்காகக் காத்திருந்தாளோ அதையே தன் கையால் தள்ளிப்போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்டி கண்ணு" என்று சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டே நானும் உட்காரவைத்தேன்.

உருண்டையோ உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். மேலாளர் கதவருகே நின்று நெடுநேரம் ஆராய்ந்தார். பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"தப்பு நம்ம மேலதான். குழந்தைங்க பாக்குறதைத்தான் செய்யும். நாம எல்லாரும் அது கண்ணு முன்னாடி நடந்தா அதுவும் நடக்கத்தானே பாக்கும்?"

மாலையே சுற்றறிக்கை வந்தது. 'நிர்வாக நலனை முன்னிட்டு, மேற்படி அறைக்குள் நுழையும் அலுவலர் எவராயினும் தவழ்ந்தே செல்லுதல் வேண்டும்.'

தவழ்ந்தோம். சேர்ந்த புதிதில் இருந்த கூச்சம் ஓய்வுபெறும் வயதில் யாருக்கு இருக்கிறது? அறையின் மூலையில் இன்னும் ஓர் அலமாரி கோப்புகள் இருந்தன. தவழும்போது இரண்டு கையும் தரைக்கே போய்விடுவதால் கோப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு வரப் பழகினோம். கணக்குப் பிரிவுக்காரர் எல்லோரையும் முந்திக்கொண்டு போவார். இத்தனை நாள் அவர் திறமை வீணாகிப்போனதே என்று மேலாளர் மெச்சினார். அறைக்கும் பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அதன் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாதக்கணக்காக வந்துபோகும் தையல்காரர் ஒருவர் தினமும் முன் பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்வார்.

கடைசியில் ஒருநாள் இயக்குநர் நிஜமாகவே வந்துவிட்டார். வாசலில் காலணியைக் கழற்றியவரிடம் மேலாளர் குரலைத் தாழ்த்திச் சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னார். இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். வெளிநாட்டில் இப்படி எதையும் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. ஆனால் தான் பார்க்காமல் விட்டிருக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். கால்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டார்.

அவர் முன்னால் தவழ, மேலாளர் பின்னால் தவழ, பதவி வரிசைப்படி நாங்கள் எல்லோரும் தவழ்ந்தோம். குழந்தையின் அப்பாவும் அம்மாவும் கூட வரிசையில்தான் இருந்தார்கள். மேலதிகாரிக்குப் பின்னால் தவழும்போது தலையை நிமிர்த்துவது மரியாதையாக இருக்காது. ஆகவே எல்லோரும் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு சுற்று வந்தோம்.

கூடத்தில் திடீரென்று கைதட்டல் கேட்டது. எங்களைத்தான் பாராட்டுகிறார்கள் என்று மேலாளர் இன்னும் வேகமாகத் தவழ்ந்தார்.

"குழந்தை எங்கே?" என்றார் இயக்குநர்.

நிமிர்ந்து பார்த்தோம். ரப்பர் வாத்து மட்டும் இருந்தது. கதவு திறந்திருந்தது. கூடத்தின் அந்தக் கோடியில், தையல்காரரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டை நின்றிருந்தாள்.

அவள் அம்மா எழுந்து ஓடினாள். "நடந்தாளா?" என்றாள்.

"நல்லாவே நடந்துச்சும்மா," என்றார் தையல்காரர். "உங்க நடுவுல புகுந்து, அந்தப் பெரிய ஐயா முதுகுல கையை ஊனிக்கிட்டு எழுந்துச்சு. அப்புறம் எதையும் பிடிக்கல. நேரா எங்ககிட்ட வந்துடுச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம்."

"எப்படி நடந்தா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொல்லத் தெரியாமல் அவர் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் அகல விரித்து, வயிற்றை முன்னே தள்ளி, தள்ளாடித் தள்ளாடி நான்கு எட்டு வைத்துக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் நடந்து காட்டச் சொன்னாள். அவரும் காட்டினார்.

இயக்குநர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். "அறை பிரமாதம். தவழ்ற முறையை எல்லாக் கிளைக்கும் கொண்டுபோகணும். ஆனா இந்தக் குழந்தை நடக்குது. நடந்து உள்ள வர்றவங்க விதிப்படி பொதுமக்கள். டோக்கன் கொடுத்து பெஞ்சுல உக்கார வையுங்க."

இந்த அலுவலகத்தில் உருண்டையின் அம்மாவுக்கு எதிராகப் போடப்பட்டு, அவளுக்கே சாதகமாக முடிந்த உத்தரவு அது ஒன்றுதான். டோக்கன் வாங்கிய யாரும் வேலை முடிந்து வெளியேறியதாக எங்கள் அலுவலகத்தில் வரலாறு கிடையாது. பள்ளிக்கூடம் சேர்க்கிற வரை உருண்டை இங்கே தாராளமாக இருக்கலாம். காத்திருப்பவர்களுக்கும் பொழுது போயிற்று. சோறு ஊட்டினார்கள், மூக்கைத் துடைத்தார்கள். தையல்காரர் ஒரு கவுன் தைத்துக் கொண்டுவந்தார். மஞ்சள் அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யாததால் கோப்பு எடுக்க நாங்கள் இன்னமும் தவழ்ந்துதான் போகிறோம்.

முதல் அடி போனால் போகட்டும், முதல் பேச்சையாவது விடக்கூடாது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். 'அம்மா'வா, 'அப்பா'வா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் போட்டி வேறு. அலுவலகம் முடிகிற வேளையில் இருவரும் தவறாமல் கூடத்துக்கு வந்துவிடுவார்கள்.

போன வாரம் அது நடந்தது. அன்று எல்லோருமே நிமிர்ந்துதான் நின்றிருந்தோம், பக்கத்தில் நானும் இருந்தேன். அம்மா மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடி செல்லம், அம்மாகிட்ட வா. வீட்டுக்குப் போலாம்."

புகார்ச் சன்னலுக்கு எதிரே வளர்ந்த அந்தக் குழந்தை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஈ ஓட்டுவது போல் கையை ஒருமுறை அசைத்தாள்.

"நாளைக்கி," என்றாள்.