இழுபட்ட தோட்டம்

பவானிக் கரையில் எங்கள் ஊரில் ஒரு நல்ல வழக்கம். ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு விரல்கடை செதுக்கிவிடுவோம். கேட்டால், சுத்தம் செய்கிறோம் என்போம். இப்படிச் சுத்தம் செய்துசெய்து திருமூர்த்தியின் தோட்டம் அரசாங்க வண்டித்தடத்துக்குள் புகுந்துவிட்டது. அங்கேதான் அவர் போர் போட்டு மோட்டார் வைத்திருந்தார். 1995இல் நிலம் அளக்க வந்த தாசில்தார் வேங்கடசாமி, மோட்டாரைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் மஞ்சள் காய்ந்துபோகும். திருமூர்த்தி பயந்துபோனார்.

பூமி இழுபடுவதைப் பற்றி ரேடியோவில் கேட்ட ஒரு பேச்சு அவரைக் காப்பாற்றியது.

"வரப்ப நானு நகத்துலீங்க. நெலந்தானுங்க இழுபட்டுப்போச்சு," என்றார் தாசில்தாரிடம்.

தாசில்தார் விஞ்ஞானத்தை மதிப்பவர். ரேடியோவில் பேசிய கல்லூரி ஆசிரியை கிருபாவையே கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார்.

"ஏனுங்க அம்மணி, பூமி இழுபடுமுங்களா?"

"இழுபடுமுங்க. கண்டம் ரெண்டாப் பிரியறப்ப ஓரத்துல பூமியோட மேலோடு இழுபட்டு மெலியும். மெலிஞ்ச எடம் அமுங்கிப் பள்ளமாகும். கடல் உள்ள வரும். ஆத்து மண்ணு அடுக்கடுக்காப் படியும். பாரம் ஏற ஏற இன்னும் அமுங்கும். காவேரி கடல்ல சேர்ற பக்கம் அப்படி ஆனதுதானுங்க. ஆனா அது கடலோரம், கோடிக்கணக்கான வருசம்..."

"இழுபடும்ல, போதுமுங்க. அரசாங்கத்துக்கு அவசரமில்லீங்க."

கிருபா சொன்ன விளக்கத்தையும் சேர்த்து, மேற்படி தோட்டம் இயற்கையாகவே இழுபட்டது என்று உத்தரவாயிற்று. மோட்டார் பிழைத்தது. மறுநாள் ஊரே ஆபீஸ் வாசலில் நின்றது. எல்லார் தோட்டமும் இழுபட்டிருந்தது. தாசில்தாரின் வீட்டு மனையும் தெருப்பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டது. அதனால் குறைந்துபோனது யாருடைய நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உத்தரவின் நகல் மேலிடத்துக்குப் போனது. துரதிர்ஷ்டம், அங்கே அதை முழுக்கப் படித்துவிட்டார்கள். அடுத்த வாரம் லைன்மேன் வந்து மோட்டார்களுக்குக் கரண்டைத் துண்டித்தார்.

"ஏனுங்க, எதுக்குங்க கட் பண்றீங்க?" என்றார் திருமூர்த்தி.

"இழுபட்டா அமுங்கும், அமுங்குனா கடல் வரும்னு நீங்கதானுங்க ஒத்துக்கிட்டீங்க. வெவசாயத்துக்குத்தான் இலவசக் கரண்டு. கடலுக்குக் குடுக்க ரூல்ஸ் இல்லீங்க."

திருமூர்த்தி தாசில்தாரிடம் ஓடினார்.

"இழுபடலைன்னு சொல்லிப்போட்டாக் கரண்டு வந்துருமுங்க," என்றார் தாசில்தார். "செதுக்குனதை மட்டும் அவங்கவங்க திருப்பி உட்ரோணும்."

ஊர் கூடி யோசித்தோம். யாருக்கும் மனசு வரவில்லை, தாசில்தாருக்கும் வரவில்லை. மஞ்சள் காய்ந்தது. இப்போது மீன்பிடிப் படகு தரும் ஆபீஸில் தாசில்தார் முன்னால் நிற்க, நாங்கள் பின்னால் நிற்கிறோம். படகு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கு மட்டும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமாம்.