இரண்டாம் தார்

தனக்கு இரண்டாந்தாரம் இருப்பதை ஆபீஸ் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதிப் போட்ட மனிதர் ராஜபாளையத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தார்க்காரர். எழுதியதோடு நின்றாரா? ஊரையும் கிழமையையும் சேர்த்தே போட்டிருந்தார்: "முதல் தார் – தினமும் – மில். இரண்டாம் தார் – சனி – ஸ்ரீவில்லிபுத்தூர்."

எழுத்துப் பிழை என்று மில்லே பெரிய மனது பண்ணி, 'தார்' என்பதைத் 'தாரம்' என்று திருத்தி வாசித்தது.

அந்த நூல் மில்லில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பேர், மூன்று ஷிப்ட். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எந்த மாதத்தில் எத்தனை நாள் வந்தார் என்று எண்ணுவதே என் பிழைப்பு. எண்ணி எண்ணி அது வியாதியாகிவிட்டது. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி. இன்றைக்கும் ஏறும்போது எண்ணுகிறேன். ஒன்று குறைந்துவிட்டால் யாரைக் கேட்பது?

எண்பதுகளின் கடைசியில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு ஏசி அறை, அறைக்கு வெளியே செருப்பு விட ஒரு கோணிச்சாக்கு. கம்ப்யூட்டரோடு வந்தவர்தான் நம் மனிதர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு இனிஷியல் சேர்த்துப் பதினான்கு எழுத்தில் ஒரு பெயர் உண்டு. வந்த இரண்டாவது வாரமே அது உதிர்ந்துவிட்டது. காரணம், ஸ்டோர்ஸுக்கு அவர் அனுப்பிய முதல் சீட்டு: "தார் போட, டேப் – 4."

ஸ்டோர் கீப்பர் சுப்பராஜா கடமை தவறாதவர். மதியத்துக்குள் ஒரு டின் ரோட்டுத் தாரும், எலெக்ட்ரீசியன் ஒட்டுகிற கறுப்பு டேப் நான்கு சுருளும் ஏசி அறை வாசலில் வந்து உட்கார்ந்தன.

"ஏமி தம்பி, புது ரூமு, அதுக்குள்ள ஒழுகுதா?" என்றார் சுப்பராஜா.

"இந்தத் தார் இல்ல அண்ணாச்சி. இது வேற தார்."

அன்றிலிருந்து அவர் தார்க்காரர்.

எனக்கு அதை அவர் விளக்கிய அழகே தனி. எங்கள் மில்லில் ஒரு தொழிலாளிக்கு ஒரு ஃபைல். டோக்கன் நம்பர்தான் ஃபைலின் பெயர். அவர் வந்த நாள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

"டி, ஏ, ஆர். தார். அம்புட்டுதான் அண்ணாச்சி கட்டளை. தனித்தனியாக் கிடக்க நானூத்திப் பன்னெண்டு ஃபைலையும் ஒரே தாராக் கட்டி டேப்புல ஏத்திரும். வாழத்தாரு மாதிரி. எத்தனை சீப்பு இருந்தாலும் காம்பு ஒண்ணுதானே?"

"அப்போ அளவு சுருங்கிருமா?"

"கட்டுறது வேற, சுருக்குறது வேற. தாராக் கட்டினா பழம் சின்னதாயிருமா?"

எழுத்துகளையும் சொல்லிக் கொடுத்தார். "சி-ன்னா சேரு. எக்ஸு-ன்னா எடு. வி-ன்னா வாயத் தொறந்து சொல்லு. சி போட்டா ஃபைல் எல்லாம் டேப்புல ஏறும். எக்ஸ் போட்டா டேப்புலருந்து இறங்கும். மாத்திப் போட்டுறாதிய. டேப்புல இருந்தது அம்புட்டும் அழிஞ்சிரும்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கு வரி.

இந்த 'வி' இருக்கிறதே, அது அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. டேப்பில் ஏறும் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் திரை சொல்வதுபோல, எதை எதற்குள் வைத்தாலும் அவர் வாய்விட்டுச் சொல்வார். சாப்பாட்டுத் தூக்கை மூடும்போது, "சோறு ஒண்ணு, ரசம் ஒண்ணு, கூட்டு ஒண்ணு." திறக்கும்போது மறுபடியும் அதே பட்டியல். ஒருநாள் கூட்டு வரவில்லை என்று தெரிந்து, தூக்கை மறுபடி மூடிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிப் போனார்.

சோழபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனோம். ஏற ஏற, ஒவ்வொருவர் பெயரையும் வாசலில் நின்று உரக்கச் சொன்னார். இருபத்துமூன்று பேர். திரும்பும்போதும் அதேபோலச் சொல்லி ஏற்றியவர், வேன் கிளம்பியதும் நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு ஃபைல் கூடுது."

கடைசி சீட்டில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க பேரைக் கேட்டிய, நான் சொன்னேன். ஏத்திக்கிட்டிய," என்றார் அவர். "எனக்கும் ராஜபாளையத்துல ஒரு சோலி கெடக்கு."

சரி, இரண்டாந்தாரத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் தார்க்காரர் தலைவாரி, பவுடர் போட்டு, மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவார். சாயங்காலம் திரும்பும்போது முகத்தில் ஒரு திருப்தி. நான் கணக்கு வைத்திருந்தேன். நாற்பத்தொரு சனிக்கிழமையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இரண்டாந்தாரம் வச்சிக்கிறவன் ஒளிச்சு வைப்பான்," என்று கேன்டீனில் வியந்தார் சுப்பராஜா. "இந்த ஆளு போர்டுல எழுதுதான். தைரியம்னா இதுல்லா தைரியம்!"

தார்க்காரர் போர்டில் எழுதியது டேப்பைத்தான், வாரம் ஒரு தடவை எடுத்து வெளியூரில் வைக்கிற இன்னொரு பிரதியைத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தனியாக விசாரித்தேன்.

"தம்பி, சனிக்கிழமை போறியளே…"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணையே நம்பிக் கெடந்தா, ஒரு நாள் அது படுத்துக்கிட்டா நம்ம கதி? ரெண்டு வேணும். ரெண்டும் ஒரே ஊர்லயும் இருக்கக்கூடாது."

"வீட்டுல தெரியுமா?"

மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். "செண்பகத்துக்கா? ஐயோ, அவகிட்ட மூச்சு விட்றாதிய. எங்க போறேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்ருவா!"

டேப்புக்கு எந்தப் பெண்சாதியாவது கொலை செய்வாளா? தார் என்றால் என்னவென்று அறிந்த நானே அன்றைக்குத் 'தாரம்' என்று திருத்தி வாசித்தேன்.

இப்படி இருக்கையில்தான் ஒரு வியாழக்கிழமை கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சாக நாள் பார்த்த மாதிரி இருந்தது. திங்கட்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி வருவதாக இருந்தார். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்த பதிலித் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும். பட்டியலை நான் கொடுக்க வேண்டும். பழைய காகிதப் பதிவேடுகளைக் கறையான் பாதி, மழை பாதி எனப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. என்னிடம் மிஞ்சியது அந்த வாரத்துப் பதிவேடு மட்டும்.

பதிலிகளில் ஒருத்தி வேலம்மாள். ரீலிங் பிரிவு, டோக்கன் 217. சுந்தரபாண்டியத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பி வருகிறவள். "வேலை இல்ல, போ" என்று கேட்டில் திருப்பி அனுப்பினால் மறுபேச்சில்லாமல் போய், மறுநாள் மறுபடி முதல் ஆளாய் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து வந்த இஞ்சினியர் புது டிஸ்க் மாட்டிவிட்டுப் போனார். முதல் தாரை டிரைவில் செருகிய தார்க்காரர், "சாப்பிட்டு வந்து எடுக்கேன். எதையும் தொடாதிய அண்ணாச்சி," என்று தூக்கோடு போனார்.

செத்த நேரத்தில் ஜன்னலில் வேலம்மாள்.

"ஐயா, ஏங் கணக்கு வந்துட்டா?"

"இன்னும் இல்லம்மா."

"நான் வந்த நாளு நான் வந்த நாளுதானய்யா? மிஷினு படுத்துக்கிட்டா வரலைன்னு ஆயிருமா?"

அவள் போய் நாலு நிமிஷம் கழித்து மறுபடி வந்தாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியவில்லை. ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நான்கு வரி நோட்டு வீட்டில் இருந்தது. இருந்தால் என்ன, எனக்கு மூளை இல்லையா? 'தார்' என்று அடித்தாயிற்று. அடுத்து சி-யா, எக்ஸா?

டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். எங்கள் பதிவேட்டில் எக்ஸ் போட்டால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். பரீட்சைப் பேப்பரில் எக்ஸ் போட்டால் தப்பு. இத்தனை பேர் பிழைப்பு இருக்கிற டேப்பின் மேல் போய் எக்ஸ் போடுவதாவது! சி போட்டேன்.

வழக்கமாக இருபத்திரண்டு நிமிஷம் எடுக்கும். ஒன்பதே விநாடியில் முடிந்துவிட்டது. புது டிஸ்க்கின் வேகமே வேகம் என்று பூரித்துப்போனேன்.

தார்க்காரர் வந்தார். திரையைப் பார்த்தார். டேப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். அது எதையும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி… காலி டிஸ்க்கைக் கட்டி டேப்புல ஏத்திட்டியளே. ஒரு பழம்கூட இல்லாம வெறுங்காம்பு."

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "எந்திரிங்க. ரெண்டாந்தார் இருக்குல்லா? போய் எடுத்துட்டு வந்திருவோம்."

இதைச் சுப்பராஜா கேட்டுவிட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருமுன் செய்தி செண்பகத்துக்குப் போய்விட்டது. அது இந்த உருவத்தில் போயிருக்கிறது: "இரண்டாந்தாரத்தை மில்லுக்கே கூட்டிட்டு வரப் போறாரு. டைம் ஆபீஸ் அண்ணாச்சி சாட்சி."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தேர் நிற்கிற இடம் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினோம். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். செண்பகம், அவளோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். அதே பஸ்ஸில் முன் சீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்று பேர் முந்தானையும் இடுப்பில் செருகியிருந்தது.

"ஏண்ணே, நீங்களுமா?" என்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி. "ஒங்க வயசுக்கு இதுக்குத் தொணை வாரியளே, நல்லாருக்கா?"

"செண்பகம், நான் சொல்லுதத—" என்றார் தார்க்காரர்.

"நீரு ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்க அவ? எந்த வீடு?"

மனிதர் பச்சைக் கதவு ஒன்றைக் கை காட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வந்த வேகத்தில் எந்தச் சந்து என்றே கவனிக்காத செண்பகம் அப்போதுதான் அந்தக் கதவைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

கதவைத் திறந்தது அவளைப் பெற்ற தாய்.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் தம்பி கல்யாணப் பத்திரிகையில் செண்பகத்தின் பெயர் விட்டுப்போய்விட்டது. அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. புருஷனும் அந்தப் படியை மிதிக்கக் கூடாதென்று உத்தரவு. ஆனால் தார்க்காரருக்கு டேப் வைக்கப் பத்திரமான இடம் வேண்டியிருந்தது. "எங்க மாமியா பீரோவைத் தொறக்க அவிய பெத்த மகனுக்கே தைரியம் கிடையாது அண்ணாச்சி," என்று பிறகு சொன்னார். "அதைவிடப் பத்திரம் இந்த ஜில்லாவுல ஏது?"

"என்ன ஏட்டி, வாசல்ல நின்னு மொறைக்க?" என்றார் அந்த அம்மாள். "மாப்பிள்ளைக்காவது வாராவாரம் வழி தெரியுது. பெத்தவளைப் பாக்க ஒனக்கு அஞ்சு வருசம் ஆயிருக்கு."

"நீ பேரைப் போட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"அச்சடிச்சவன் விட்டான். நானா விட்டேன்?"

"நீ வாசிச்சுப் பாத்திருக்கணும்லா!"

"எனக்கு வாசிக்கத் தெரியுமா ஏட்டி?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையைக் கீழே விட்டார்கள். சண்டை உள்ளே நகர்ந்தது. அம்மாள் சண்டையை நிறுத்தாமலேயே பீரோவைத் திறந்து, இரண்டு பட்டுப் புடவைக்கு நடுவிலிருந்து டேப்பை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். மகளை விடவில்லை; சோறு போட்டுத்தான் அனுப்புவேன் என்றார். நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறினோம். ஒன்பது நிறுத்தம். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பையைத் திறந்து, டேப் இருக்கிறதா என்று நான் பார்த்தேன்.

நான்கு மணிக்கு அவர் எக்ஸ் அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். திரையில் டோக்கன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வழக்கப்படி அவரும் வாய்விட்டுச் சொன்னார். இருநூற்றுப் பதினைந்து. இருநூற்றுப் பதினாறு. அதோடு நின்றது. டிரைவ் என்னவோ யோசித்தது. ஜன்னலில் வேலம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரநூத்திப் பதினேழு," என்றார் தார்க்காரர்.

எல்லாம் இறங்கியதும் அவள் ஃபைலைத் திறந்தார். போன சனிக்கிழமை வரை நானூற்று எழுபத்தாறு நாள். இந்த வாரத்துப் பதிவேட்டில் இன்றோடு ஐந்து. மூன்று தடவை கூட்டினேன். நானூற்று எண்பத்தொன்று.

"ஒண்ணு கூடவே இருக்கும்மா," என்றேன்.

"இருக்கும்யா. நான் வந்தேன்லா," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் ஓடினாள்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குப் பட்டியல் தயார் என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் டேப்பை அழித்தது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தான் சார்," என்றார் தார்க்காரர். "கீபோர்டுல எக்ஸும் சி-யும் பக்கத்துப் பக்கத்துல இருக்குல்லா. வெரல் வழுக்கிட்டு."

அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அதை டைப் அடித்தவனும் நானே. பதினோரு வரி. கையெழுத்துப் போடும்போது என் பக்கம் திரும்பி, "வாயத் தொறந்தியளோ, தொலைச்சிருவேன்," என்று மெதுவாகச் சொன்னார். ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தது எனக்கு.

அந்த நான்கு வருஷமும் தினமும் ஒன்றாக டீ குடித்தோம். என்னை அவர் கேலி செய்யாத விஷயம் கிடையாது. என் குடை, என் குறட்டை, நான் படி எண்ணுவது, எதையும் விட்டதில்லை. அந்த ஒன்பது விநாடியைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.