ராசாத்தி விழுங்கிய பவுண்

மனம் என்று ஒன்று கிடையாது என்று நான் என் வாழ்க்கையில் சரியாக மூன்று மாதம் நம்பியிருக்கிறேன். அந்த மூன்று மாதத்துக்குள்தான் எனக்குக் கல்யாணமும் பேசி முற்றாக்கினார்கள் என்பது என் கெட்ட காலம். (தன்னுடைய கெட்ட காலம் என்று இந்த இடத்தில் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் குரல் திருத்துகிறது.)

ஆசிரியர் வேலை கிடைத்த புதிதில், வார இறுதிகளில் கல்வி டிப்ளோமா படிக்கப் போனேன். உளவியல் பாடத்தில் நடத்தைவாதம் படிப்பித்தார்கள். எனக்கு விளங்கிய அளவில் அதன் சாரம் இவ்வளவுதான்: ஒருவருடைய உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதை எவரும் கண்டதில்லை. ஆகவே உள்ளே போவதைப் பார், வெளியே வருவதைப் பார், நடுவில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே. சாப்பாடு வைக்கும்போதெல்லாம் மணி அடித்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும். அரைகுறையாகப் படித்தவனுக்கு இது போதாதா? விரிவுரையாளர் நல்ல மனிதர். "இதற்கு மறுப்புகளும் உண்டு, அவற்றை அடுத்த கிழமை பார்ப்போம்" என்றுதான் முடித்தார். அடுத்த கிழமை நான் போகவில்லை.

லிங்கநகரில் இருந்த தர்சினியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில் அவள் ஆசையாகக் கேட்டாள்.

"நீங்கள் உண்மையா என்னில மனசு வைச்சிருக்கிறீங்களோ?"

"தர்சினி, மனசு எண்டு ஒண்டு இல்லை. நான் கிழமைக்கு ஆறு நாள் உமக்குப் போன் எடுக்கிறன். அந்த நடத்தைக்குத்தான் ஆக்கள் அன்பு எண்டு பேர் வைச்சிருக்கினம்."



"அப்ப ஏழாம் நாள்?"

"ஏழாம் நாள் வகுப்பு."

வைத்துவிட்டாள். வைத்த கையோடு, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் தகப்பனிடம் ஒப்புவித்திருக்கிறாள். மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை போன்ற கப்பல்களை அவசரப்படாமல் இழுத்து வந்து கட்டிய மனிதர், கதையிலும் அதே நிதானம். அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"தம்பி, உங்களுக்கு மனமில்லை எண்டு பிள்ளை சொல்லுது. கல்யாணத்துக்கோ, பொதுவாவோ?"

"பொதுவாத்தான் மாமா" என்றேன்.

அவர் தேநீரைக் குடித்துவிட்டு, "அப்ப சரி" என்று போய்விட்டார். விசயம் தீர்ந்தது என்று நினைத்தேன். (அந்த வயதில் நான் நினைத்தது எதுவும் சரிவந்ததில்லை.)

இதற்கிடையில் டிப்ளோமாவுக்கு ஒரு ஒப்படை செய்யவேண்டி வந்தது. ஒரு உயிரினத்தைப் பழக்கி, அவதானித்து எழுதவேண்டும். எங்கள் வீடு திருகோணமலைக் கோட்டைக்குப் பக்கத்தில். இங்கே மான்கள் ஊருக்குள்ளேயே திரியும். பஸ் நிலையத்தில் நம்மோடு சேர்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நிற்கும். அவற்றில் இடது காது கிழிந்த ஒரு பெண் மான் எங்கள் பின்படலை வாசலுக்கு அடிக்கடி வரும். அம்மா அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார். நான் குறிப்புப் புத்தகத்தில் "பரிசோதனைப் பொருள் ஒன்று" என்று எழுதினேன்.

மணிக்கு எங்கே போவது? சாமியறையில் அருமையான பித்தளை மணி ஒன்று இருந்தது. மூன்று கிழமை, நாள் தவறாமல் அதை அடித்து வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் போட்டேன்.

"சாமி மணியை மானுக்கு அடிக்கிறியே, உனக்கென்ன விசரோ?" என்றார் அம்மா.

"இது விஞ்ஞானம் அம்மா."

மூன்றாம் கிழமை முடிவில் மணி அடித்த மறுநிமிடமே ராசாத்தி ஓடிவந்தாள். கூடவே இன்னும் நாலு மான்கள், நான் பழக்காமலே, அவளைப் பார்த்துப் பழகி வந்தன. நான் பெருமையில் மிதந்தேன்.

அந்தப் பெருமை ஆறும் முன்பே பொன்னுருக்கு வந்தது. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்கும் சடங்கு அது. பெண் வீட்டார் வருவார்கள், பெண் வரமாட்டாள். அம்மா தன்னுடைய தாலிக்கொடியில் கோத்திருந்த ஒரு பவுண் காசை எடுத்துத் தந்தார். அப்பா இறந்தபிறகு பன்னிரண்டு வருசம் அலுமாரிக்குள் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த பவுண். "இது அப்பாவின்ர கையால வந்ததாக இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (அது வெறும் பழக்கப்பட்ட நடத்தை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.)

முற்றத்தில் பாய் விரித்து, நிறைகுடம் வைத்து, தட்டத்தில் வெற்றிலையும் வாழைப்பழமும் பூவும் பரப்பி, ஒரு வெற்றிலையின் மேல் பவுணை வைத்தார்கள். பொன் உருக்க வந்த பத்தர் உமியில் நெருப்பு மூட்டினார். ஐயர் தன் மணியை மறந்துவிட்டு வந்திருந்தார். "வீட்டில மணி இருக்கோ?" என்று கேட்டார். அம்மா சாமியறை மணியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பக்கத்தில் பட்டு வேட்டியோடு இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று கிழமை மானைக் கவனித்தவனுக்கு மணியைக் கவனிக்கத் தெரியவில்லை.

ஐயர் கற்பூரத்தைக் காட்டி மணியை அடித்தார்.

முதலில் ராசாத்தி வந்தாள். அவள் நேரே தட்டத்துக்குப் போனாள். பின்னால் நாலு மான்களும் வந்து, ஒன்று நிறைகுடத்து மாவிலையிலும் ஒன்று மாமாவின் கழுத்து மாலையிலும் வாய் வைத்தன. ஐயர் கதிரையில் ஏறி நின்று, மான்களை விரட்டுவதற்காக மணியை இன்னும் ஓங்கி அடித்தார். கோட்டைப் பக்கம் இருந்து இன்னும் ஆறு வந்தன.

"மணியை நிப்பாட்டுங்கோ ஐயா!"

"அடிக்காட்டில் இதுகள் போகாது தம்பி!"

"அடிக்கிறபடியால்தான் வருகுது ஐயா!"

தட்டம் கவிழ்ந்தது. எல்லாம் அடங்கியபிறகு பார்த்தால் வெற்றிலை இல்லை, வாழைப்பழம் இல்லை, பவுணும் இல்லை. ராசாத்தி மட்டும் பின்படலையில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

அம்மா "ஐயோ" என்று தலையில் கைவைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். மாமா மட்டும் ஒருநிமிடம் அவருக்குப் பின்னால் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நாளை மறுநாள் காலையில் ஒரு நல்ல நேரம் இருக்கிறது, அதை விட்டால் ஆடி கழியவேண்டும் என்றார். மாமா என் தோளில் கைவைத்தார்.

"தம்பி, உள்ள போனதை எல்லாரும் பார்த்தம். இனி நீங்கள் வெளிய வாறதைப் பாருங்கோ."

நடத்தைவாதத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குப் படிப்பித்ததில்லை.

அன்று மத்தியானம் தொடங்கி ராசாத்தியின் பின்னால் நடந்தேன். கையில் ஒரு பொலித்தீன் பை, ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு ஈர்க்குக் கட்டு. அவள் கோட்டை வாசலுக்குப் போனாள், போனேன். டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போனாள், போனேன். ஒரு மரநிழலில் படுத்து மூன்று மணித்தியாலம் அசைபோட்டாள். நான் வெயிலில் குந்தியிருந்தேன், ஏனென்றால் நிழலில் இடமில்லை. அவள் போட்ட ஒவ்வொரு புழுக்கையையும் ஈர்க்கால் கிளறினேன். கிண்ணியாவில் இருந்து வந்து பழம் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் வெகு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மருந்துக்கா?"

"ஓம் நானா."

"என்ன வருத்தம்?"

"மனக் கோளாறு."

பாவப்பட்டு இரண்டு வாழைப்பழம் தந்தார். ஒன்றை ராசாத்திக்குக் கொடுத்தேன். அப்போதாவது சுறுசுறுப்பாக வேலை நடக்கட்டும் என்று.

இரண்டாம் நாள் பின்னேரம் பஸ் நிலையத்தில் ராசாத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தர்சினிக்குப் போன் எடுத்தேன். விடிந்தால் அந்த நல்ல நேரம்.

"இன்னும் இல்லை தர்சினி. அம்மாவின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. கல்யாணம் குழம்பி நீர் எனக்கு இல்லையெண்டு போனால் நான் என்ன செய்யிறது? மனசு கிடந்து அடிக்குது."

"என்ன கிடந்து அடிக்குது?"

"மனசு."

"கேக்கேல்ல. பஸ் சத்தமாக் கிடக்கு."

"மனசு! என்ர மனசு!"

நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ராசாத்தியும் திரும்பினாள். மறுமுனையில் தர்சினி விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

விடியற்காலை வெறும் பையோடு வீடு திரும்பினேன். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. பத்தர் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாமா கதிரையில் இருந்தபடியே சட்டைப் பைக்குள் இருந்து பவுணை எடுத்து வெற்றிலையில் வைத்தார்.

"தட்டம் கவிழேக்கையே பாயின்ர மடிப்புக்குள்ள விழுந்தது. எடுத்து வைச்சிட்டன். அம்மாவுக்கு அப்பவே சொல்லிட்டன்."

"அப்ப ஏன் மாமா என்னை..."

"உங்களுக்கு மனம் இருக்கோ எண்டு தெரியவேணும். கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லுவீங்கள். நடத்தையைத்தான் பார்க்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பார்த்தம்."

"என்ன முடிவு?"

"இழுத்தால் வாற கப்பல்தான்."

அம்மா குசினி வாசலில் நின்று சிரித்தார். "நான் ரெண்டு நாளாச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறினது உனக்குக் கேக்கேல்லையே?"

கேட்டது. குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தேன்: "தாய். தொடர் இருமல். காரணம், துயரம்." தர்சினியின் விம்மலும் அதே வகைச் சிரிப்புத்தான் என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் பவுண் தாலியாகி ஒன்பது வருசம். எங்கள் இரு வீட்டிலும் யாருக்காவது பூட்டின் திறப்புத் தொலைந்தாலும் கண்ணாடி தொலைந்தாலும் "ராசாத்தியைக் கேளுங்கோ" என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மணியைத் தர்சினி தன்வசம் எடுத்துக்கொண்டாள். பின்னேரம் நாலரைக்கு அவள் மணி அடித்தால் குசினியில் எனக்குத் தேநீர் இருக்கும்.

போன கிழமை மணி கேட்டுப் போனேன். அடுப்பு எரியவில்லை.

"தேத்தண்ணி எங்க?"

"போடேல்ல. சும்மா அடிச்சனான். கன நாளாச் சும்மாதான் அடிக்கிறன், நீங்கள் கவனிக்கேல்ல."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சாப்பாடு கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளில் எந்த மிருகமும் மணிக்கு வருவதை விட்டுவிடும் என்றல்லவா படித்தேன்?

"மானும் வரும்தானே" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"மான் வந்து பார்த்திட்டுப் போயிடும். நீங்கள் நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பீங்கள்."

இதற்கும் ஒரு விளக்கம் அந்த அடுத்த கிழமை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான்தான் போகவில்லையே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.